பாலில் கலந்த நான்

தனபால் எழுதிய கவிதை டின்சி டீச்சருக்குப் போகவில்லை. ஊர்ப் பால் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. குழுவில் நூற்று நாற்பத்திரண்டு பேர். எல்லோர் வீட்டிலும் மாடு உண்டு. கவிதை படிக்கிறவர் ஒருவர்கூடக் கிடையாது.

தனபால் அந்தச் சங்கத்தில் பால் பரிசோதகர். காலையில் பால் எடுத்து முடித்ததும் அன்றைய கொழுப்பு அளவைக் குழுவில் போடுவது பதினாறு வருஷப் பழக்கம். அன்றைக்கும் விரல் பழகின இடத்துக்கே போனது. விரலைச் சொல்லி என்ன பயன்?

அவருக்கு செக்ரட்டரி ஆகவேண்டும். திங்கட்கிழமை கமிட்டி கூடி ஆளைத் தேர்ந்தெடுக்கிறது. அந்த வேலைக்கு டிகிரி வேண்டும் என்பதால் நாற்பத்தாறு வயதில் அஞ்சல் வழியில் சேர்ந்தார். மற்றப் பாடங்களில் இடம் தீர்ந்திருந்தது. ஆங்கில இலக்கியம் மட்டும் காலியாக இருந்தது. எல்லாம் தேறி, மிச்சமிருந்தது அமெரிக்கக் கவிதை ஒன்றுதான்.

அந்தக்கால அமெரிக்கக் கவிஞர் ஒருவரின் பாணியில் சொந்தமாக நாலு வரி எழுதவேண்டும், தாய்மொழியிலேயே எழுதலாம் என்று அந்தப் பாடம் நடத்தும் கேரளத்து டின்சி டீச்சர் சொல்லியிருந்தார். வரிக்கு நடுவே கோடு போட்டு நிறுத்தி நிறுத்திப் பேசும் ஓர் அம்மாளின் பாணியைத் தனபால் முதலில் முயன்றார். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத மனிதருக்கு அது சரிப்படவில்லை. ஊர் உலகத்தையெல்லாம் 'நான், நான்' என்று தன் தலையில் ஏற்றிக்கொண்டு பட்டியல் போடும் தாடிக்காரரின் பாணி கச்சிதமாக ஒத்துவந்தது.

*நான் பால். பால் கறந்த மாடும் நான்.*
*பாலில் சேர்ந்த தண்ணீர் நான்.*
*அதை ஊற்றிய கை நான்,*
*யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்த கண்ணும் நான்.*

முதலில் வந்து நின்றது காளியாத்தாள். நாலு மாட்டுக்காரி; சத்தம் நாற்பது மாட்டுக்கு வரும்.

"ஏனப்பா தனபாலு, எம் மருமவ படிச்சுக் காட்டினா. எங்க பாலுல தண்ணி ஊத்தறவன் நீதானா?"

"ஐயோ, அது கவிதைங்க அக்கா!"

"கவிதையில பொய்யா எளுதுவாங்க?"

"பொய்யில்லீங்க. உயர்வு நவிற்சினு ஒண்ணு இருக்குதுங்க. உள்ளதைக் கொஞ்சம் பெருசாச் சொல்றதுங்க."

காளியாத்தாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "அப்ப நெம்ப இல்லாட்டியும் கொஞ்சம் ஊத்தியிருக்கறே!"

அவள் தெரு முனை திரும்புவதற்குள் செய்தி அவளுக்கு முன்னால் திரும்பியிருந்தது.

"எதுக்குங்க இந்தக் கருமத்தையெல்லாம் எளுதறீங்க?" என்றாள் மனைவி தமிழ்ப்ரியா. அவள் முகம் வெளுத்திருந்தது.

"நீ பயப்படாத. நான் வெளக்கிச் சொல்றேன்" என்று தனபால் குழுவில் குரல் பதிவு ஒன்றைப் போட்டார். "எல்லாருக்கும் வணக்கமுங்க. கவிதையில வர்ற நான், நான் இல்லீங்க. அது நீங்க எல்லாரும்தானுங்க."

ஐந்து நிமிஷத்தில் அறுபது பதில்கள். 'அப்ப நாங்கெல்லாம் தண்ணி ஊத்தறமா?' என்பதுதான் அவற்றுள் மரியாதையானது. பதறிப்போய்க் கவிதையை அழித்தார். 'பாத்தீங்களா, தடயத்தை அழிச்சுட்டான்' என்று ஒருவர் எழுதினார். அதற்குள் யாரோ அதை அச்சடித்துச் சங்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள்.

பதினொரு மணிக்கு அவசரக் கூட்டம் கூடியது. சங்கத் தலைவர் குப்பண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். பத்து மாட்டுக்காரர்.

"தனபாலு, உன்னைய செக்ரட்டரி ஆக்கலாம்னு இருந்தேன். இப்ப உன்னைய இங்க வெச்சுக்கறதா வேண்டாமான்னே யோசனையா இருக்குது."

படித்தவர் சொன்னால் நம்புவார்கள் என்று தனபால் டின்சி டீச்சருக்குக் கவிதையை அனுப்பி, போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார்.

"தனபால் சேட்டா, ரொம்ப நல்லாயிட்டு இருக்கு!" என்றார் டீச்சர். கூட்டம் இருப்பது பாவம் அவருக்குத் தெரியாது. "முழு மார்க் தரேன். ஊர்க்காரங்க செய்யற குற்றத்தை எல்லாம் கவி தன்னோட தலையில ஏத்துக்கறார். என்ன தைரியம்!"

"என்னது, குத்தமா?" என்று நூறு பேர் எழுந்தார்கள். தனபால் போனை அணைத்தார். கூட்டத்தை அணைக்க வழியில்லை.

குப்பண்ணன் மேசையைத் தட்டினார். "எல்லாரும் உக்காருங்க! நாளைக்குக் காலையில இவன் எல்லார் பாலையும் நம்ம கண்ணு முன்னாலயே பாக்கட்டும். என்ற ஊட்டுப் பாலுந்தான். ஒருத்தர் பாலுலயும் தண்ணி இல்லீன்னா, நம்மளச் சந்தேகப்பட்டதுக்கு இவன் வேலையை உட்டுப் போயிறோணும்."

கைதட்டல் கூரையைத் தூக்கியது. அன்று தனபால் வீட்டில் இரண்டு பேருமே சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் ஊரே வரிசையில் நின்றது. தனபால் ஒவ்வொரு கேனாகப் பார்த்தார். காளியாத்தாள் பால் சுத்தம். குப்பண்ணன் பால் சுத்தம். தமிழ்ப்ரியா கொண்டுவந்த பாலும் சுத்தம். நூற்று நாற்பத்திரண்டு பேர் பாலும் அப்படியொரு சுத்தம். கருவி இத்தனை நல்ல அளவைப் பதினாறு வருஷத்தில் காட்டியதே இல்லை.

வேலை போயிற்று என்று அவர் கருவியைத் துடைத்து வைத்தபோதுதான், பாலை ஏற்ற வந்த டேங்கர் டிரைவர் வீரபாண்டி தலையைச் சொறிந்தான்.

"என்னுங்க இது? தெனமும் தொள்ளாயிரம் லிட்டர் ஏத்துவேன். இன்னிக்கு எழுநூத்தி எம்பதுதான் இருக்குது. ஒரே ராத்திரியில இத்தனை மாடா வத்திப்போச்சு?"

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. காளியாத்தாள் கேனைக் கவிழ்த்து அடியை ஆராய்ந்தாள். குப்பண்ணன் தனபாலின் தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிப்போனார்.

"தனபாலு, திங்கக்கிழமை உன்னையத்தான் செக்ரட்டரியாப் போடறோம். கமிட்டி பூராச் சம்மதிச்சாச்சு. இனிமே கவிதை மட்டும் வேண்டாம், கண்ணு."

தனபால் வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தார். "தமிழு, ஊர்ல ஒரு ஊடு பாக்கியில்ல, எல்லாரும் ஊத்தியிருக்காங்க! நம்ம ஊடு ஒண்ணுதான் யோக்கியம். நம்ம பாலும் மூணு லிட்டர் கம்மிதான், ஆனா அது வேற. மாட்டுக்கு என்னமோ ஆயிருச்சு போல, டாக்டரைக் கூப்பிடறேன்."

தமிழ்ப்ரியா முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"டாக்டரெல்லாம் வேண்டாமுங்க. மாடு நல்லாத்தான் இருக்குது. நீங்க என்னையத்தான் எளுதியிருக்கீங்கன்னு நெனச்சு, நேத்தோட ஊத்தறத உட்டுட்டனுங்க."