கிளியும் நாலாவது பட்டையும்

திருவனந்தபுரத்திலேயே மரியாதை அதிகமான ஆள் யார் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், கிளி என்று. கரமனை ஆறுகூட எப்போதாவது கரையை மீறும். கிளி தன்னைவிட ஒரு நாள் மூத்தவரின் பேச்சைக்கூட மீற மாட்டார். நல்ல குணம்தானே என்பீர்கள். நல்ல குணம்தான். ஆனால் அவர் பார்த்த வேலை விமானம் ஓட்டுவது. அங்கேதான் வந்தது வினை.

முதலில் பெயர்க் காரணம். சின்ன ஊர்களுக்குப் பறக்கும் ஒரு குட்டி விமானக் கம்பெனியில் நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். நான் பயிற்சிப் பிரிவில் ஃபைல் அடுக்குகிறவன். அவர் கோபைலட். ஸ்ரீவராகத்தில் ஒரு வீட்டு மாடியில் சேர்ந்து குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரர், சர்க்கார் ஆபீஸில் சூப்பிரண்டாக இருந்து ரிட்டயரான ஒரு மாமா. குடிவந்த அன்றைக்கே விசாரணை ஆரம்பமாகிவிட்டது.

"நோக்கு என்ன ஜோலி?"

"பைலட், மாமா. அதாவது, கோபைலட்."

"அதென்ன கோ?"

"கேப்டன் இடது பக்கம் உக்காருவார். நான் வலது பக்கம். அவருக்கு ஒத்தாசையா எல்லாத்தையும் பாத்துச் சொல்லிண்டிருப்பேன்."

மாமா ஒரு நிமிஷம் யோசித்தார். "மனசிலாச்சு. பஸ்ஸுல கிளி மாதிரி, அல்லே?"

கேரளத்து பஸ்ஸில் வாசலில் தொங்கிக்கொண்டு, கதவைத் திறந்து மூடி, ஆள் ஏற்றி, "போட்டே, போட்டே" என்று வண்டியைக் கிளப்பச் சொல்லிக் குரல் கொடுக்கிறவருக்குக் கிளி என்று பெயர். லட்சக்கணக்கில் செலவழித்து லைசென்ஸ் வாங்கிய மனிதர் இதை மறுத்திருக்கலாம். மறுப்பாரா? சொன்னவர் மூத்தவர் ஆயிற்றே! "ஆமாம் மாமா, கிட்டத்தட்ட அதேதான்" என்றார். ஒரு வாரத்தில் தெருவுக்கே அவர் கிளி. ஒரு மாதத்தில் அந்தப் பெயர் ஏர்போர்ட் வரைக்கும் போய்விட்டது.

ஒன்பது வருஷம் வலது சீட்டிலேயே உட்கார்ந்ததில் உடம்பு அப்படியே பழகிவிட்டது. டாக்ஸி வந்து நின்றால் நேரே போய் வலது பக்க முன்கதவைத் திறப்பார். அங்கே டிரைவர் உட்கார்ந்திருப்பார். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். கிளி மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு வருவார். இது மாதத்துக்கு நாலு தடவை நடக்கும். கல்யாணப் பந்தியில் வலது ஓரத்து இலை கிடைக்காவிட்டால் அடுத்த பந்திக்குக் காத்திருப்பார்.

பஸ்ஸில் போனால் இன்னும் மோசம். பார்த்ததை எல்லாம் கேப்டனுக்குச் சொல்வது கோபைலட் வேலை அல்லவா? கரமனை பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, "வலது பக்கம் க்ளியர்... ஸ்பீடு நாப்பத்தஞ்சு... முன்னாடி ஒரு ஆட்டோ" என்று மெல்லிய குரலில் ஓதிக்கொண்டே வருவார். ஒருநாள் டிரைவர் பொறுக்க மாட்டாமல் பிரேக் போட்டுத் திரும்பினார்.

"சேட்டா, ஈ வண்டியில் வேறே கிளி உண்டு. அங்கோட்டு மாறி நிக்கு."

கிளி அங்கோட்டு மாறி நின்றார். டிரைவர் அவரைவிட மூத்தவர்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கோபைலட்டுக்குத் தோளில் மூன்று பட்டை, கேப்டனுக்கு நாலு. அந்த நாலாவது பட்டைக்கு சிமுலேட்டர் என்ற பொம்மை விமானத்தில் பரீட்சை வைப்பார்கள். இன்ஜினை அணைப்பார்கள், புயலைக் கிளப்புவார்கள், சக்கரம் இறங்காது என்பார்கள். கிளி அத்தனையையும் ஊதித் தள்ளிவிடுவார். அவர் விமானம் இறக்கினால் பயணிகள் தரை வந்துவிட்டதா என்று ஜன்னல் வழியே பார்ப்பார்கள். அப்படிப்பட்டவர் இரண்டு தடவை ஃபெயில். ரிப்போர்ட் என் ஃபைலுக்குத்தான் வரும். இரண்டு தடவையும் காரணம் ஒன்றே: கட்டுப்பாட்டைக் கையில் எடுக்கவில்லை.

"என்னண்ணே நடந்துச்சு?" என்று கேட்டேன்.

"வலது சீட்டுல ரிட்டயர் ஆகப்போற ஒரு பெரியவரை உக்கார வச்சுட்டாடா. அவர் வேணும்னே தப்புத் தப்பா இறக்குவார். நான் 'ஐ ஹேவ் கன்ட்ரோல்'னு சொல்லி அவர் கையிலேருந்து வாங்கிக்கணும்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே! 'சார், உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா நான் கொஞ்ச நேரம் பிடிக்கட்டுமா'ன்னு இங்கிலீஷ்ல ஆரம்பிச்சேன். முடிக்கறதுக்குள்ள தரையில இடிச்சுட்டோம்."

"சரி, ரெண்டாவது தடவை?"

"ரெண்டாவது தடவை அவர் இருமினார். இருமி முடிக்கட்டுமேன்னு இருந்தேன்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மூன்றாவது தடவையும் போனால் எங்கள் கம்பெனி விதிப்படி ஆயுசு முழுக்கக் கோபைலட்தான். "இடது பக்கம் உக்காந்து ஒரே ஒரு தடவையாவது நம்ம ஊர்ல இறக்கணும்டா. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார். இவரை எப்படியாவது கேப்டன் ஆக்குவது என்று முடிவு கட்டினேன்.

தேவைப்பட்டது ஒரு பெரியவர்; தப்புத் தப்பாக ஓட்டுகிற பெரியவர். வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? கீழே மாமா இருந்தார்.

மாமா ரிட்டயரான பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர். ஸ்ரீவராகத்தில் அவர் உரசாத கேட் அவர் வீட்டு கேட் மட்டும்தான், அதை ஏற்கெனவே இடித்துத் தள்ளியிருந்தார். நம் ஊர்க் காரில் டிரைவர் சீட் வலது பக்கம். ஆக, மாமா கோபைலட், இடது பக்கம் கிளி கேப்டன், நடுவில் ஹேண்ட்பிரேக். நான் பின்சீட்டில் எக்ஸாமினர். தினமும் காலையில் பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போவது என்று மாமாவிடம் விஷயத்தைச் சொல்லி ஏற்பாடு. மாமா தப்புப் பண்ணும்போது கிளி ஹேண்ட்பிரேக்கை இழுத்து, "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று அதட்ட வேண்டும். மாமா தப்புப் பண்ண வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முதல் நாள் ஒரு போஸ்ட் கம்பத்தை நோக்கிப் போனோம். "மாமா... தப்பா எடுத்துக்கப்படாது... அந்தக் கம்பம்..." என்று கிளி தொடங்கினார். பம்பர் போயிற்று. இரண்டாம் நாள் ஒரு பூக்கடை. மூன்றாம் நாள் ஒரு வழி. அதாவது, போகக் கூடாத ஒரு வழி. எதிரே வந்த போலீஸ்காரரிடம் கிளிதான் இறங்கி மன்னிப்புக் கேட்டார்.

மாமாவுக்கே கோபம் வந்துவிட்டது. "டேய், என்னை அதட்டுடா! ஆத்துல மாமி அதட்டறா. கறிகாய்க் கடைக்காரன் அதட்டறான். நீ மட்டும் என்னடா பெரிய மரியாதை வச்சிருக்கே?"

"வரமாட்டேங்கறது மாமா."

"வரும். வரவழைக்கறேன் பாரு" என்றார் மாமா. அதற்குப் பிறகு அவர் ஓட்டிய ஓட்டத்தில் நான் பின்சீட்டில் சஹஸ்ரநாமம் முழுவதையும் மனப்பாடம் பண்ணிவிட்டேன்.

பரீட்சைக்கு நாலு நாள் இருந்தது. பழவங்காடி முக்கில் மாமா தெரிந்தவர் யாரையோ பார்த்துவிட்டார். காரை அதன் பாட்டுக்கு விட்டுவிட்டு, ஜன்னலில் தலையை நீட்டி, "எப்போ வந்தேள்? பொண்ணு சௌக்கியமா?" என்று குசலம் விசாரிக்கிறார். கார் நேரே தேங்காய்க் குவியலை நோக்கிப் போகிறது. குவியலுக்குப் பின்னால் ஒரு அம்மா குனிந்து சில்லறை பொறுக்கிக்கொண்டிருக்கிறாள்.

"கையை எடுங்கோ மாமா! ஐ ஹேவ் கன்ட்ரோல்!"

அது கிளியின் குரல் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. ஹேண்ட்பிரேக் இழுத்த சத்தத்தில் காக்கைகள் பறந்தன. கார் குவியலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. மாமா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கியிருந்தார்.

அடுத்து நடந்ததுதான் கிளி. கதவைத் திறந்து இறங்கினார். சுற்றிக்கொண்டு வந்தார். மாமாவை இறக்கி நிற்க வைத்து, நடு ரோட்டில் சாஷ்டாங்கமாக நமஸ்காரம் பண்ணினார். பின்னால் கிழக்கேகோட்டை வரைக்கும் வண்டிகள் நின்று ஹார்ன் அடித்தன. தேங்காய்க்கார அம்மா இது ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"தீர்க்காயுசா இரு. சீக்கிரம் எழுந்திருடா, பஸ்காரன் திட்டறான்" என்றார் மாமா. அவர் கண் கலங்கியிருந்தது.

மூன்றாவது பரீட்சையில் கிளி பாஸ். ரிப்போர்ட்டை நான்தான் ஃபைலில் போட்டேன். அதில் எக்ஸாமினர் எழுதியிருந்தார்: கட்டுப்பாட்டைச் சரியான நொடியில், உறுதியோடு எடுத்துக்கொண்டார். பரீட்சை முடிந்ததும் சக விமானியின் காலில் விழுந்தார். இது விதிமுறையில் இல்லை.

போன மழைக்காலத்தில் மாமாவும் நானும் பெங்களூரிலிருந்து திரும்பி வந்தோம். மாமாவுக்கு அங்கே ஒரு கல்யாணம், எனக்கு ஆபீஸ் வேலை. விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, கேப்டன் கிளி. ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். விமானக் கம்பெனியில் சம்பளம் வாங்கினாலும் பறப்பதென்றால் எனக்குக் குலைநடுக்கம். மேகம் கறுத்தாலே உள்ளங்கை வேர்த்துவிடும்.

திருவனந்தபுரத்துக்கு மேலே நல்ல மழை. இறங்கினோம், இறங்கினோம், தென்னை மரங்கள்கூடத் தெரிந்தன. திடீரென்று இன்ஜின் உறுமியது, விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு மறுபடி மேலே ஏறிவிட்டது. உள்ளே ஒரே கூச்சல். முதல் வரிசையில் நரைத்த தலையோடு ஒரு பெரிய மனிதர், முக்கியமான கூட்டமாம், பணிப்பெண்ணிடம் கத்தினார். "போய்ச் சொல்லு அவன்கிட்ட! நான் யார்னு தெரியுமா? எறக்கச் சொல்லு!"

ஒலிபெருக்கி கரகரத்தது. இங்கிலீஷ், மலையாளம், கடைசியில் தமிழ். "கேப்டன் பேசறேன். ஓடுபாதை சரியாத் தெரியலை. மழை விட்டப்புறம்தான் இறக்குவேன். அது வரைக்கும் எல்லாரும் உக்காருங்கோ."

பெரிய மனிதர் உட்கார்ந்தார்.

மாமா சீட்டில் திரும்பி, பின்வரிசை முழுவதுக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தார். "பேடிக்க வேண்டாம், பயமே வேண்டாம், கேட்டேளா? நம்ம ஆத்துப் பையனாக்கும். அவன் இப்போ வேண்டாம்னா வேண்டாம்தான்!"

கடலுக்கு மேலே இருபது நிமிஷம் சுற்றினோம். விமானம் குலுங்கிய குலுங்கலில் பக்கத்து சீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் என் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தேன். வேர்க்கவே இல்லை. இடது சீட்டில் கிளி இருந்தார்.