இடப்பக்கம் திரும்பினால் கத்தும் கார்

சியென்ஃபுவேகோஸ்,
செவ்வாய்க்கிழமை, கரண்ட் வந்த வேளை

அன்புள்ள அண்ணன் எவேலியோவுக்கு,

தங்கை மிர்த்தா எழுதுவது. அம்மா, என் மகள் தாயானிஸ், நான் மூவரும் நலம். கடல் தாண்டி டாம்பாவில் நீயும் அண்ணியும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ விட்டுவிட்டுப் போன பச்சைக் கார் மட்டும் நலமாக இல்லை.

உன்னை வரச் சொல்லி இதை எழுதவில்லை. அதைக் கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது. நீ வரும்போது அறுக்கலாம் என்று அம்மா வளர்த்த பன்றி கிழடாகி, டிசம்பரில் நாங்களே அறுத்துவிட்டோம். எனக்கு வேண்டியது ஸ்டீரிங்கின் ஐட்லர் ஆர்முக்கு ஒரு புஷ், ஒரு சின்ன ரப்பர் வளையம், அவ்வளவுதான். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் எல்சாவிடமே கொடுத்தனுப்பு.

காரை இடப்பக்கம் ஒடித்தால் கத்துகிறது. வலப்பக்கம் பரம சாது. அதனால் பள்ளிக்கூடத்துக்கு வலப்பக்கமாகவே திரும்பித் திரும்பி, பாதி ஊரைச் சுற்றிக்கொண்டு போய்த்தான் வேதியியல் நடத்துகிறேன். மெக்கானிக் வில்ஃப்ரெதோ முதலில், "டை ராடுதான் அக்கா, கண்ண மூடிட்டுச் சொல்றேன்" என்றான். கண்ணை மூடிக்கொண்டே ஒரு ரஷ்ய டிராக்டரின் டை ராடை வெட்டி மாட்டினான் போலிருக்கிறது, சத்தம் கூடியது. பிறகு ஸ்டீரிங் பாக்ஸ் என்றான். கிரீஸ் ஊரிலேயே இல்லை என்பதால் உன் பன்றியின் கொழுப்பை உருக்கி ஊற்றினான். சத்தம் போகவில்லை, தெருநாய்கள் பின்னால் வர ஆரம்பித்தன. அம்மாவோ, ஒவ்வொரு ரிப்பேருக்குப் பிறகும் கண்ணேறு கழிய ஸ்டீரிங் தண்டில் ஒரு சிவப்பு ரிப்பனும் கருமணியும் கட்டிவிடுவாள். மறுநாள் இன்னும் மோசமாகக் கத்தும். "பாத்தியா, யாரோ பலமாக் கண்ணு வச்சிருக்காங்க" என்று இன்னொன்று கட்டுவாள். இப்போது ஐட்லர் ஆர்ம்தான் என்கிறான் வில்ஃப்ரெதோ. மறுத்துப் பேச எனக்குத் தெம்பில்லை.

எனக்குக் காரைப் பற்றிக் கவலை இல்லை அண்ணா. அடுத்த மாதம் இருபதாம் தேதி தாயானிஸுக்குப் பதினைந்து முடிகிறது. ஊர் வழக்கப்படி கவுன் போட்டுக்கொண்டு நம் காரில் கடற்கரைச் சாலையில் ஊர்வலம் போக வேண்டிய பெண், "அந்தக் கத்தலோட, நாய்ங்க தொரத்த நான் போகணுமா? சைக்கிள் ரிக்‌ஷால போறேன் போ" என்கிறாள். "கவுன் கொள்ளாதேடி" என்றால், "கவுனுக்குத் தனி ரிக்‌ஷா" என்கிறாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு கழுவின தட்டையே மறுபடி கழுவிக்கொண்டு நின்றாள். அந்த ஒரு நாளையாவது அவளுக்கு ஒழுங்காகக் கொடுக்கப் பார்க்கிறேன்.

அண்ணிக்கு என் அன்பு. கன்னி மாதா உங்கள் இருவரையும் குளிரிலிருந்து காக்கட்டும்.

உன் தங்கை,
மிர்த்தா

பி.கு.: புஷ் அனுப்பாதே. தாயானிஸ் இப்போதுதான் டார்ச்சோடு டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தாள். ஸ்டீரிங்கில் ஒரு குறையும் இல்லை. நீ புறப்பட்ட அன்று, நீ திரும்பி வர வேண்டும் என்று அம்மா கட்டிய முதல் ரிப்பன், மேலே கட்டக் கட்டக் கீழே தள்ளப்பட்டு, அதன் கருமணி தகட்டில் மாட்டி உரசுகிறது. கத்தரிக்கோலோடு போனேன். அம்மா கார் கதவில் சாய்ந்து நின்றுகொண்டாள். "அது அவன் வந்து அவன் கையால அவுக்கறது. நீ தொட்டே, அப்புறம் என்கிட்டப் பேசாத." அறிவியல் படித்தவள்தான் நான். கத்தரிக்கோலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

இருபதாம் தேதிக்குள் நீயே வா. பன்றி கிடையாது, கோழிதான்.