என் பிரேரணைக்கு நானே போட்ட எதிர்வாக்கு

முருங்கன் சந்தியில் பதினேழு வருடம் ஹாட்வெயார் கடை நடத்தியவன் நான். கேட்ட சாமான் இல்லையென்றால் இல்லையென்று சொல்லிவிடுவேன், யாரும் கோபித்ததில்லை. மாகாண சபை உறுப்பினரானதும் அந்தப் பழக்கம் போய்விட்டது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கம் வந்துவிட்டது. (வெள்ளை வேட்டிக்கும் இதில் பங்குண்டு. அதை உடுத்தால் எல்லாம் தெரிந்தவன்போல ஒரு நடை தானாக வருகிறது.)

நறுவிலிக்குளத்துக்கு அப்பால் ஒரு குடியிருப்பு. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய கூலிக் குடும்பங்கள். அவர்களுடைய ஒரே பாதையை ஒரு வாய்க்கால் குறுக்கே வெட்டும். மாரியில் அது பெருகினால் ஆஸ்பத்திரிக்கும் போக முடியாது. அங்கே இருக்கிற செல்வராணி தன் முதல் பிள்ளையை அந்த வாய்க்கால் கரையில்தான் பெற்றாள். பிள்ளை தங்கவில்லை. என் கடைக்கு மண்வெட்டிப் பிடி வாங்க வந்தபோது, மழையைப் பற்றிப் பேசுவதுபோல அதைச் சொல்லிவிட்டுப் போனாள். நான் தேர்தலில் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். வென்றபின் நான் கொண்டுவந்த முதல் பிரேரணை, அந்த வாய்க்காலுக்கு ஒரு பாலம்.

பிரேரணை எடுக்கப்படும் நாளில் பெருமை தாங்காமல் வாடகைக்கு ஒரு வான் பிடித்து, செல்வராணியையும் ஊரவர் பத்துப் பேரையும் கூட்டிப்போய்ப் பார்வையாளர் பகுதியில் இருத்தினேன்.

வாசலில் சபைக் கந்தோர் உத்தியோகத்தர் அம்மா கேட்டார். "ஐயா, முதல் தரம்தானே. வாக்கெடுப்பு எப்பிடி நடக்கும் எண்டு ஒருக்காச் சொல்லவோ?"

"எல்லாம் தெரியும் அம்மா" என்றேன். ஒன்றும் தெரியாது.

வேறு வீதிகள் முதலில் என்று சிலர் வாதாடினார்கள். கடைசியில் வாக்கெடுப்பு என்றார் தலைவர். பாலம் நிறைவேறியதும் வாசிக்க ஐந்து பக்கத்தில் நன்றியுரை எழுதி வைத்திருந்தேன். மின்விசிறிக் காற்றில் அது பறந்து மேசைக்குக் கீழே போனது. நானும் கீழே போனேன். மேலே தலைவர் ஏதோ சொன்னார், கதிரைகள் அசைந்தன. மூன்றாம் பக்கத்தைக் காணவில்லை. அதைத் தேடி எடுத்துக்கொண்டு, மேசையில் தலையை இடித்துக்கொண்டு எழும்பும்போது "கை உயர்த்தலாம்" என்பது மட்டும் காதில் விழுந்தது.

உயர்த்தினேன்.

பக்கத்துக் கதிரையில் இருந்த உறுப்பினர், முன்பு பள்ளிக்கூட மாஸ்ரர், என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "கையை இறக்குங்கோ." பொறாமை என்று நினைத்தேன். எழுந்து நின்று இன்னும் உயரத் தூக்கினேன். பார்வையாளர் பகுதியைப் பார்த்துச் சிரித்தும் வைத்தேன்.

எதிர்ப்பவர்களைத்தான் தலைவர் அப்போது கேட்டிருக்கிறார். ஒரு வாக்கால் பிரேரணை தோற்றது. எண்ணி முடிந்த வாக்கை மாற்ற முடியாது என்றார்கள்.

நான் பிடித்த வான் அல்லவா. அதில்தான் நானும் திரும்ப வேண்டும். பூநகரி தாண்டுவதற்குள் நான் ஒரு பொய்யைத் தயார் செய்திருந்தேன்: 'இது அரசியல் தந்திரம், உங்களுக்கு விளங்காது.' நல்ல பொய். தேர்ந்த அரசியல்வாதிகூடக் குறை சொல்லமாட்டான்.

அடம்பனில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோது செல்வராணி என் முன்னால் வந்து நின்றாள்.

"ஏங்கய்யா எதுத்தீங்க?"

அந்த முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை. "எனக்கு அந்த முறை தெரியாது. கேக்க வெக்கமா இருந்தது."

அவள் கோபிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. "அப்ப இந்த மழைக்கு நீங்க வரணும்" என்றாள்.

போனேன். அந்த மாரி முழுக்கக் கடைச் சாமான் ஏற்றும் உழவு இயந்திரத்தோடு வாய்க்கால் கரையில் கிடந்தேன். கர்ப்பிணிகள் மூன்று பேரை அக்கரை சேர்த்தேன். அவர்களில் செல்வராணியும் ஒருத்தி. ஒரு நாள் பின்னால் பூட்டிய இழுவைப் பெட்டியோடு இயந்திரம் சேற்றில் புதைந்தது. அந்த ஊர்ச் சனம்தான் கயிறு கட்டி என்னை இழுத்து எடுத்தது. மேடையில் நின்று வாக்குக் கேட்ட நாட்களில் அந்த ஊரில் எனக்கு ஐந்து பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியாது. மாரி முடியும்போது எல்லாரையும் தெரிந்திருந்தது. நான் உறுப்பினரானது அந்தச் சேற்றில்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த வருடம் பிரேரணை மறுபடி வந்தது. வாசலில் கேட்ட அந்த உத்தியோகத்தர் அம்மாவிடம் முறையை இரண்டு தரம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அப்படியும் மாஸ்ரர் நம்பாமல், என் மணிக்கட்டைப் பிடித்து உரிய நேரத்தில் தானே தூக்கிவிட்டார். பாலம் வந்தது. திறப்புவிழாக் கல்லில் பெரியவர்களின் பெயர்கள் இருக்கின்றன. ஊரில் அதற்குப் பெயர் 'கைதூக்கிப் பாலம்'. செல்வராணியின் மகள் அதன் மேலால்தான் பள்ளிக்கூடம் போகிறாள்.

சபையின் காலம் முடிந்தது. அதன்பிறகு தேர்தலே வைக்கவில்லை. நானும் கடைக்கு வந்துவிட்டேன். வீட்டில்தான் வாக்கெடுப்பு ஓயவில்லை. ஆருக்குத் தேத்தண்ணி என்று மகள் கேட்டால் நான் கை தூக்குவேன்.

"அப்பாவுக்கு வேண்டாமாம்" என்பாள் மனைவி.

எண்ணி முடிந்த வாக்கு. மாற்ற முடியாது.