கைப்பை வைத்திருக்கும் பிள்ளையார்

ரொறன்ரோ
14.02.1986

அன்புள்ள மச்சான் சண்முகநாதன் அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் தங்கச்சி கமலாம்பிகையும் குளிரைத் தவிர வேறு குறையின்றி இருக்கிறோம். அங்கே நீங்கள் எல்லோரும் குண்டுச் சத்தத்தைத் தவிர வேறு குறையின்றி இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன்.

நிற்க. ஒரு நல்ல பிள்ளையார் படம் உடனே அனுப்பி வையுங்கள். காரணம் உங்கள் தங்கச்சிதான்.

பக்கத்து ஃபிளற்றில் அபீனா என்றொரு பெண்பிள்ளை இருக்கிறா. கானா நாடு. ஓவியராம். நான் நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம் வரைபடம் கீறியவன். ஒரு கோடு கோணினால் மேலதிகாரி தாளையே கிழித்துப் போடுவார். இவவோ தன் ஊர்ச் சந்தை என்று கீறுகிறா, அதில் கோழி லொறி ஓட்டுது, மீன் குடை பிடிக்குது, வீட்டைவிட ஆடு பெரிசு. ஏன் பிள்ளை இப்படி என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் கேட்டேன். ஊர் தனக்கு இப்படித்தான் ஞாபகம் என்று சிரிக்கிறா. ஞாபகம் பிழையென்றால் அட்லஸைப் பார்க்கிறதுதானே.

அவவுக்குக் காய்ச்சல் வந்தபோது கமலம் மூன்று நாள் ரசம் வைத்துக் கொடுத்தா. அதற்கு நன்றியாக வந்தது ஒரு யானைப் படம். மூக்குக்கண்ணாடி போட்டு, தும்பிக்கையில் சிவப்புக் கைப்பையோடு சந்தைக்குப் போகிற யானை. எண்பத்து மூன்று கலவரத்தில் வெள்ளவத்தை வீடு எரிந்த அன்று ஒரு சாமிப்படமும் எடுக்காமல் ஓடிவந்த மனுசி, இதைக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்துச் சுவர்த் தட்டில் வைத்து, சந்தனப் பொட்டும் இட்டு, வெள்ளிக்கிழமை கற்பூரமும் கொளுத்திவிட்டா. புகைக்கு அலாரம் அடித்து, பதினொரு மாடிச் சனமும் பனிக்குள் இறங்கி நின்றது, நான் இடுப்பில் கட்டின சாரத்தோடு. போன கிழமை யூனியன்வில்லில் இருந்து வந்த எங்கட ஊர்க்காரர் தங்கத்துரை, கண்ணை மூடித் தேவாரம் முழுக்கப் பாடி முடித்த பிறகுதான் கைப்பையைக் கண்டார். இப்ப அவர் வாயில் கண்ட கண்ட இடமெல்லாம் எங்கட கதைதான்.

காதும் அரிசி புடைக்கிற சுளகளவு. ஆபிரிக்க யானைக்கு அப்படித்தானாம். "உது பிள்ளையார் இல்லையப்பா" என்றால், "அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார், நீங்கள் பேசாமல் இருங்கோ" என்கிறா.

உண்மையில் எனக்கு நெஞ்சு எரிவது வேறு. எண்பத்து மூன்றுக்குப் பிறகு என்னோடு நாலு சொல் சேர்த்துப் பேசாத மனுசி, உந்த யானையோடு தினமும் காலமை அரை மணித்தியாலம் கதைக்கிறா. நான் குசினிக்குள் போனால் நிறுத்திவிடுகிறா. ஆகவே படம் அனுப்புங்கள், முறையான காதோடு.

வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பு. சின்னவளுக்குப் படிப்பு நல்லாய் வர எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்
பத்மநாதன்

பி.கு: தபாலில் போடுமுன் அபீனா வந்து, கண்காட்சிக்கு அந்தப் படத்தை இரண்டு கிழமை இரவல் கேட்டா. நானே சந்தோஷமாகத் தூக்கிக் கொடுத்தேன். கமலம் படம் இருந்த வெறும் சுவர்த் தட்டையே பார்த்தபடி இருந்தா, சாப்பிடவும் இல்லை. இரண்டாம் நாள் எனக்குப் பயம் வந்துவிட்டது. கண்காட்சிக்குப் பஸ்ஸும் சப்வேயும் மாறிப் போய், அபீனாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, படத்தைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து, பொட்டும் நானே வைத்தேன். "உந்தக் குளிருக்குள்ள தொப்பியில்லாமலோ போனீங்கள்?" என்று கமலம் கேட்டா. யானையை இல்லை, என்னை.

படம் அனுப்ப வேண்டாம்.