என் வீட்டிலும் இதே மெத்தைதான்

எங்கள் வீட்டு வாசற்படியை மெத்தை என்ற பொருள் தாண்டக் கூடாது. இது நான் எடுத்த முடிவு. இதில் மாற்றமே கிடையாது என்று என் மனைவியிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிற நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்பீர்கள். மெத்தைக் கடையில் விற்பனையாளன்.

சிரிக்காதீர்கள். காலையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து இறக்குகிறவரை மெத்தையை அமுக்கிக் காட்டுகிறவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ஸ்ப்ரிங் மெத்தையை அமுக்க வேண்டும். நார் மெத்தையைத் தட்ட வேண்டும். பஞ்சு மெத்தையைத் தடவ வேண்டும். வருகிறவர்கள் எல்லாரும் படுத்துப் பார்ப்பார்கள். நான் மட்டும் நிற்க வேண்டும். கடைக்குள் திரும்பின பக்கமெல்லாம் படுக்கை, எனக்கு உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது. இப்படி ஒரு கொடுமை வேறு எந்தத் தொழிலிலாவது உண்டா? வீட்டுக்கு வந்தால் அந்த மூஞ்சியைப் பார்க்கவே பிடிக்காது. மெத்தையின் மூஞ்சியைச் சொல்கிறேன்.

அதனால் எங்கள் வீட்டில் தரையில் போர்வையை மடித்துப் போட்டுத்தான் படுக்கை. எனக்கு அது சொர்க்கம். தலையைச் சாய்த்தால் தூங்கிவிடுவேன். சாய்க்காவிட்டாலும் தூங்கிவிடுவேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கி, டிப்போவரை போய்த் திரும்பியிருக்கிறேன். முடி வெட்டுகிற நாற்காலியில் தூங்கிச் சாய்ந்து, ஒரு பக்க மீசையை இழந்திருக்கிறேன்.

என் மனைவிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. முன்னறையில் தையல் மெஷின் போட்டு அக்கம்பக்கத்தாருக்குத் துணி தைக்கிறாள். நாள் முழுக்கக் குனிந்தே இருக்கிற வேலை. காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு, துருப்பிடித்த மடக்குக் கத்தியைத் திறக்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்வாள். நிமிர்ந்ததும் ஆரம்பிப்பாள்.

"என்னங்க, ராத்திரி பூரா பொட்டுத் தூக்கம் இல்லை. இடுப்பு விட்டுப் போச்சு. ஒரு மெத்தை வாங்குங்களேன்."

"தரைதான் உடம்புக்கு நல்லது."

"கடைக்கு வர்றவங்ககிட்டயும் இதைத்தான் சொல்றீங்களா?"

"கடை வேற, வீடு வேற."

"முதுகு எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

"உன் பிரச்சினை மெத்தையே இல்லை. தூங்கு தூங்குன்னா மனுஷனுக்குத் தூக்கம் வராது. தூங்கக் கூடாத இடத்துல உட்கார வச்சாத்தான் வரும். பஸ்ஸுல வரும். கூட்டத்துல வரும். எவனாவது புத்தி சொன்னா வரும்."

"வாஸ்தவம்தான். நீங்க வாயைத் திறந்தாலே எனக்குக் கண்ணைச் சொருகுது."

"அப்ப விடிய விடியப் பேசட்டுமா?"

"ஐயோ வேண்டாம். இடுப்பு வலியோட தலைவலியும் சேர்ந்துக்கும்."

இப்படிப் பேசுகிறவளுக்கு மெத்தை வாங்கிக் கொடுக்க யாருக்கு மனசு வரும், நீங்களே சொல்லுங்கள்.

இந்த இடத்தில் ஒரு தொழில் ரகசியத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாங்கலாமா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டு நிற்கிற ஆளிடம் நான் ஒரு வசனம் வைத்திருக்கிறேன். மெத்தைமேல் கையை வைப்பேன். குரலைத் தாழ்த்துவேன். "என் வீட்டுலயும் இதே மெத்தைதான் சார். என் சம்சாரம் இதுல படுத்தான்னா, பக்கத்துல இடி விழுந்தாலும் எழுந்திரிக்க மாட்டா" என்பேன். அவ்வளவுதான், ஆள் விழுந்துவிடுவார். எந்த மெத்தைக்கு எதிரில் நிற்கிறாரோ அந்த மெத்தைதான் என் வீட்டில். ஒரே நாளில் என் வீட்டில் ஸ்ப்ரிங்கும் நாரும் பஞ்சும் மாறி மாறி இருந்ததுண்டு.

முதலாளியும் இதை நம்பிக்கொண்டிருந்தார். அவர் கடையை எடுத்து நடத்துவதற்கு முன்பே நான் வாங்கிவிட்டதாகச் சொல்லி வைத்திருந்தேன். அவருக்கு அதில் ஒரே பெருமை. "நம்ம சரக்கை நம்ம ஆளே வீட்டுல போட்டிருக்கான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

இன்னொரு வழக்கமும் எங்கள் கடையில் உண்டு. நான் கொண்டுவந்ததுதான். படுத்துப் பார்க்கிறவர் கண் அசந்துவிட்டால் யாரும் எழுப்பக் கூடாது. தானாக எழுந்திருக்கிறவரை விட்டுவிட வேண்டும். அப்படித் தூங்கி எழுந்தவர் அந்த மெத்தையை வாங்காமல் போனதே கிடையாது.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. எதிர்வீட்டு நர்ஸுக்குத் தலையணை தேவைப்படுகிறவரை.

நான் ஒருவரிடம் முழு உருக்கத்தோடு என் வசனத்தைச் சொல்லிவிட்டுத் திரும்புகிறேன், பின்னால் தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நர்ஸ் நிற்கிறாள்.

"குடுத்து வச்சவங்க அண்ணே, உங்க வீட்டுக்காரங்க" என்றாள். தலையணைக்குக் காசைக் கட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் என் மனைவி மெத்தையைப் பற்றி மூச்சுவிடவில்லை. மறுநாள் காலையிலும் விடவில்லை. சுவரைப் பிடித்தாள், நிமிர்ந்தாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள், மெஷினில் போய் உட்கார்ந்தாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பாருங்கள், எவ்வளவு வெள்ளை மனசு எனக்கு!

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கடையில் நல்ல கூட்டம். புதுக் குடித்தனம் போடுகிற ஒரு ஜோடி நார் மெத்தைக்கும் ஸ்ப்ரிங் மெத்தைக்கும் நடுவில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது. என் வசனத்தை எடுக்க வேண்டிய நேரம் இதுதான் என்று குரலைத் தாழ்த்தினேன். கண்ணாடிக் கதவு திறந்தது. விசேஷத்துக்குக் கிளம்பினவள் போல உடுத்தி, கையில் கைப்பையோடு என் மனைவி. பக்கத்தில் நர்ஸ்.

"வாங்கம்மா, வாங்க" என்று முதலாளி கல்லாவிலிருந்தே வரவேற்றார். "யோவ், மேடத்தைக் கவனி."

மேடமாம்!

பக்கத்தில் போய்ப் பல்லைக் கடித்தேன். "இங்க எங்கே வந்தே? வீட்டுக்குப் போ."

அவள் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஏன் சார், பொம்பளைங்க தனியா வந்தா மெத்தை காட்ட மாட்டீங்களா?" என்றாள்.

முதலாளியின் தலை உயர்ந்தது. நான் இளித்தேன். "காட்டறேன் மேடம். காட்டத்தானே நிக்கிறேன்."

"உங்க வீட்டுல எந்த மெத்தை சார் போட்டிருக்கீங்க?"

நான் பதில் தேடுவதற்குள் முதலாளி முந்திக்கொண்டார். "அட சொல்லுய்யா, கூச்சப்படாதே!" சண்டை போட்ட ஜோடியும் சண்டையை நிறுத்திவிட்டுத் திரும்பியது.

கடை நடுவில் மேடைமேல் இருந்த பெரிய மெத்தையைக் காட்டினேன். "என் வீட்டுலயும்... இதே மெத்தைதான்."

"வீட்டுக்காரங்களுக்கு நல்லாத் தூக்கம் வருதா?"

"வருது."

"இடுப்பு வலின்னு ஏதாவது சொல்வாங்களா?"

"சொன்னதே இல்லை."

"ஒரு நாள்கூட?"

"ஒரு நாள்கூட."

"அவ்வளவு பொறுமைசாலியா?" என்றாள் நர்ஸ், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அவங்களை ஒரு தடவை நேர்ல பார்க்கணும் சார். ஆள் எப்படி இருப்பாங்க?" என்றாள் என் மனைவி.

எனக்கும் கோபம் வருமா வராதா? "கொஞ்சம் குண்டா இருப்பா மேடம். வாய் மட்டும் ரொம்ப நீளம்."

"அப்படியா சார்" என்றாள். அந்த 'சார்' எனக்குள் எங்கேயோ போய்க் குத்தி நின்றது.

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு மெத்தையாகப் படுக்க ஆரம்பித்தாள். சும்மா படுக்கவில்லை. மல்லாந்து படுத்து இடுப்புக்கு அடியில் கையை நுழைத்துப் பார்த்தாள். கை சுலபமாகப் போனால் மெத்தை ரொம்பக் கெட்டி. போகவே மறுத்தால் ரொம்ப மெது. லேசாக இறுக்கிப் பிடித்தால் அதுதான் நம்முடையது. இந்த வித்தையைக் கல்யாணமான புதிதில் பீற்றிக்கொள்வதற்காக நானே அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது. என் கத்தியையே எனக்கு எதிராகத் தீட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"இது கெட்டி." அடுத்தது. "இது சேறு மாதிரி அமுங்குது." அடுத்தது. கடைசியில், நான் காட்டிய அந்தப் பெரிய மெத்தைக்கு வந்தாள். கையை நுழைத்தாள். லேசாக இறுக்கிப் பிடித்தது. ஒருக்களித்துப் படுத்தாள். கண்ணை மூடினாள்.

நடிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். குனிந்து, "போதும், எழுந்திரு" என்றேன். பதிலுக்கு ஒரு குறட்டை வந்தது. மெல்லிய, உண்மையான குறட்டை.

தோளைத் தொடப் போனேன். முதலாளி நுனிக்காலில் ஓடிவந்து என் கையைப் பிடித்துவிட்டார்.

"எழுப்பாதே!"

"இல்ல முதலாளி, இவங்க வந்து..."

"யாரா இருந்தா என்னய்யா? நீ போட்ட சட்டம்தானே?"

அப்புறம் நடந்ததை என்னால் இன்றைக்கும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கடையே அவளுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டது. வியாபாரம் எல்லாம் சைகையில் நடந்தது. சண்டை போட்ட ஜோடி அவளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. "பட்டப்பகல்ல, இத்தனை பேர் நடுவுல இந்தத் தூக்கம் தூங்கறாங்கன்னா!" என்று அந்தப் பையன் கிசுகிசுத்து, அதே மெத்தைக்குப் பணம் கட்டினான். தெருவில் போனவர்கள் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்கள். வந்தவர்கள் வாங்கினார்கள். நர்ஸ் தலைமாட்டில் நின்று, நோயாளியைப் பார்க்க வருகிறவர்களைத் தள்ளி நிற்கச் சொல்வது போல எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னாள்.

நானும் பார்த்தேன். அவள் நெற்றியில் புருவங்களுக்கு நடுவே ஒரு மடிப்பு உண்டு. பிறவியிலேயே இருப்பது என்று நினைத்திருந்தேன். அது இப்போது இல்லை. வழவழவென்று இருந்தது நெற்றி. மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. உடனே ஆத்திரமும் வந்தது. தன் மனைவி நிம்மதியாகத் தூங்குவதைப் பார்க்க ஒரு மனுஷன் கடைக்கு வர வேண்டியிருக்கிறதே, இது என்ன நியாயம்?

ஒருவழியாக அவள் எழுந்தாள். சுவரைத் தேடவில்லை. நேராக எழுந்து உட்கார்ந்தாள்.

முதலாளி கைகட்டி நின்றார். "எப்படிம்மா இருக்கு?"

"இப்படித் தூங்கி வருஷக் கணக்கா ஆச்சு சார். ஆனா வாங்க முடியாது. வீட்டுக்காரர் மெத்தையே கூடாதுங்கறார்."

"ஏன்?"

"தரைதான் உடம்புக்கு நல்லதாம்."

கடையில் இருந்த அத்தனை பேரும் உச்சுக்கொட்டினார்கள். முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது.

"யாரும்மா அந்த மனுஷன்? நம்பரைக் குடுங்க, நான் பேசறேன்."

"முதலாளி, குடும்ப விஷயத்துல நாம எதுக்கு..." என்றேன்.

"நீ சும்மா இருய்யா. சொல்லுங்கம்மா."

அவள் சொல்லச் சொல்ல அவர் அழுத்தினார். கடைசி எண்ணை அழுத்தியதும் போனின் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அதற்குள் என் சட்டைப் பையில் சேவல் கூவியது. என் போன் மணி அதுதான். அதை மாற்றுங்கள் என்று அவள் எத்தனையோ நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சேவல் இன்னொரு முறை கூவியது. சட்டைப் பையை இறுக்கிப் பொத்தினேன்.

"அப்ப இவங்கதான் அந்தக் குண்டா..." என்று ஆரம்பித்த பையனை அவன் மனைவி கிள்ளினாள். அவன் விடவில்லை. "அப்ப 'என் வீட்டுலயும் இதே மெத்தை'ன்னு சொன்னது பொய்யா? எங்க பணத்தைத் திருப்பிக் குடுங்க!"

"எங்களுக்கும் அதையேதான் சொன்னார்" என்றது இன்னொரு குரல். அவர்கள் வாங்கியது நார் மெத்தை.

முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் என் வேலை ஆடிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் பேசிப் பிழைத்த என் வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

பேசியது அவள்தான்.

"பொய் எல்லாம் இல்லீங்க. இவருக்கு ஒரு பழக்கம். ஒண்ணைச் செய்யணும்னு நினைச்சுட்டாலே செஞ்சு முடிச்ச மாதிரி பேசிடுவார். இந்த மெத்தை இன்னிக்கு எங்க வீட்டுக்கு வருது. அப்புறம் அவர் சொன்னது நிஜம்தானே? என்னங்க, வருதுதானே?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன். மாற்றமே இல்லாத என் முடிவு அந்த ஓர் ஆட்டலில் போயிற்று.

பையன் சமாதானமாகிவிட்டான். முதலாளி சமாதானமாகவில்லை. கொஞ்ச நேரம் அவளையும் மெத்தையையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வியாபாரி மூளை.

"அம்மா, நீங்க தூங்கின நேரத்துல ஓடின வியாபாரம், இந்த ஆள் ஒரு மாசம் நின்னு கத்தினாலும் ஓடாது. மெத்தையை நானே வீட்டுக்கு அனுப்பிடறேன், என் செலவு. ஞாயித்துக்கிழமை மட்டும் வந்து இங்க தூங்கிட்டுப் போறீங்களா? சம்பளம் போட்டுத் தரேன்."

"முதலாளி, நான் ஒருத்தன் இங்க இருக்கேன்..." என்றேன். யார் காதிலும் விழவில்லை.

அவள் யோசித்தாள். "தையல் வேலை இருக்கே சார். சரி, வரேன். ஃபேன் மட்டும் நேரா முகத்துல படக் கூடாது."

"யோவ், ஃபேனைத் திருப்பு!" என்றார் முதலாளி.

திருப்பினேன்.

மெத்தை வீட்டுக்கு வந்துவிட்டது. நானும் அதில்தான் படுக்கிறேன், என் கண்டனத்தைத் தெரிவித்தபடியே. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சேர்ந்தே பஸ் ஏறுகிறோம். போன வாரம் ஸ்ப்ரிங் மெத்தை ஒன்றை நான் கொஞ்சம் உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தேன். முதலாளி வேகமாக வந்து என் வாயைப் பொத்தினார். கடை நடுவிலிருந்து குறட்டை வந்துகொண்டிருந்தது.

"மெதுவாப் பேசுய்யா," என்றார், "மேடம் வேலை பார்க்கறாங்க."