மூக்கைத் தவிர அனைவரும் நலம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் மகனுக்குப் பெண் கொடுத்த பேக்கரி மாஸ்டர் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு என் மூக்கைத் தவிர அனைவரும் நலம். அங்கு தாங்களும், சம்பந்தி அம்மாவும், மாப்பிள்ளையும், என் மகளும், நம் பேத்தியும் மூக்கு உட்பட முழு நலமாக இருக்க வேண்டுகிறேன். தங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வியாபாரம் பெருகவும் வேண்டுகிறேன். அது பெருக வேண்டுமானால் நாலு பேருக்குப் பார்வை மங்க வேண்டும். அதை நான் வேண்டவில்லை, தானாக நடக்கட்டும்.

போனிலேயே பேசியிருக்கலாமே, எதற்குக் கடிதம் என்று தாங்கள் கேட்பது நியாயம். போனில் இரு முறை முயன்றேன். முதல் முறை மாடிப்படி ஏறி வந்த கையோடு அழைத்துவிட்டேன், மூச்சு வாங்கியது. தாங்கள் "ஏன் சம்பந்தி புஸ்ஸு புஸ்ஸுன்னு கோபப்படுறீங்க?" என்று கேட்டு வைத்துவிட்டீர்கள். அடுத்த முறை உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, நிதானமாகத்தான் ஆரம்பித்தேன். "சம்பந்தி, நான் உங்ககிட்டயும் என் பொண்ணுகிட்டயும் ஒண்ணு கேக்கணும், அது வந்து, அந்த..." என்று இழுத்தேன். வார்த்தை வரவில்லை. தொண்டையில நிக்குதுன்னு சொல்வாங்களே, அதுகூட இல்ல சம்பந்தி, தலைக்குள்ளேயே இல்ல, காலி டப்பா. நீங்க "கேக்க மனசில்லைன்னா விடுங்க"ன்னு வெச்சுட்டீங்க. திமிர்னு நினைச்சிருப்பீங்க. குளிக்கப் போனேன், தலையில தண்ணி விழுந்ததும் அந்த வார்த்தை வந்துச்சு. மன்னிப்பு. திரும்ப ஓடிடறதுக்குள்ள எழுதிடலாம்னு ஈரத் தலையோட உக்காந்திருக்கேன்.

விஷயம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். போன மாசம் என் மகள் குழந்தையை முதல் முதலா எங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தா. நீங்களும் கூட வந்தீங்க. நான் பேத்தியை ரெண்டு கையிலயும் வாங்கி, உச்சந்தலையில முத்தம் கொடுக்கக் குனிஞ்சு, பாதி வழியில முகத்தைச் சுளிச்சு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன். இல்லைன்னு சொல்லல. அத்தனை பேர் முன்னாடி. என் மகள் பிள்ளையை வாங்கினா, செருப்பை மாட்டினா, போயிட்டா. அன்னையிலேருந்து என் போனை எடுக்கிறதில்ல. உங்க வீட்ல எனக்கு "மூஞ்சி சுளிச்ச தாத்தா"ன்னு பேராம், மாப்பிள்ளை வாய் தவறிச் சொல்லிட்டார். அந்தச் சுளிப்பு என்னோடது இல்ல சம்பந்தி. என் மூக்கோடது. இதை என் மகள் நம்பணும், பேத்தி இன்னொரு தடவை என் கைக்கு வரணும், அதுக்குத்தான் இவ்வளவு பேப்பரும்.

இதுக்கு மூலம் எங்கேன்னு பார்த்தா, மன்னிச்சுக்குங்க, உங்க மாஸ்க்தான். கொரோனா காலத்துல கல்யாணப் பேச்சுக்கு நீங்க முதல் தடவை வந்தப்போ எங்க வீட்டுக் கூடத்துல அத்தனை பேர் நெருக்கிக்கிட்டு உக்காந்திருந்தோம். நீங்க மட்டும் மாஸ்க்கோட வந்து, வந்ததும் வராததுமா ஜன்னலைத் திறக்கச் சொன்னீங்க. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு, என்னமோ எங்க வீடு நாறுற மாதிரி. என் மாஸ்க் தாடைக்குக் கீழ தொங்கிக்கிட்டிருந்துச்சு. நீங்க என்னைப் பார்த்து ஏதோ சொன்னீங்க. அந்தத் துணிக்குள்ளேருந்து என் காதுல விழுந்தது ரெண்டே வார்த்தை: "வாயை மூடுங்க!" பெண்ணைப் பெத்தவன், சொந்த வீட்ல, சொந்த நாற்காலியில உக்காந்திருக்கேன், என்னைப் பார்த்து வாயை மூடுங்கன்னா? கல்யாணம் கெடக்கூடாதேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். ஆனா மனசுக்குள்ள சபதம் போட்டுட்டேன், இந்த ஆள் சொல்லி நான் எதையும் மூட மாட்டேன்னு. கல்யாணம் முடிஞ்சு ரொம்ப நாள் கழிச்சு மாப்பிள்ளைகிட்ட குறைப்பட்டுக்கிட்டப்போதான் தெரிஞ்சது, நீங்க சொன்னது "மூக்கையும் சேர்த்து வாயை மூடுங்க, காலம் சரியில்ல"ன்னு. பாதி துணியிலயே தங்கிடுச்சு. அதுக்குள்ள எனக்கு வர வேண்டியது வந்து, போக வேண்டியது போயிடுச்சு.

உங்களுக்குத் தெரியும், எனக்கு மூக்குதான் சோறு போடுது. கண்ணு உங்க தொழில், மூக்கு என் தொழில். ஓவன் கதவைத் திறக்காமலே டிரேயில பன் சிவந்துடுச்சா, இன்னும் வெளுப்பான்னு சொல்லுவேன். மாவு புளிச்சது போதுமான்னு வாசல்லேருந்தே சொல்லுவேன். எதிர்த்துப் பேசினவங்களை "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை"ன்னு ஒரே வெட்டா வெட்டுவேன். முதலாளி எல்லாரையும் மாஸ்க் போடச் சொன்னப்போ, "மூக்கை மூடிட்டு நான் ரொட்டி சுடணுமா, அப்ப நீங்க கண்ணை மூடிட்டுக் கல்லாவுல உக்காருங்க"ன்னு சொன்னவன் நான். அடுத்து தடுப்பூசி போட்டுக்கச் சொன்னாங்க. "ஓவன் முன்னாடி நிக்கிறவன்கிட்ட எந்தக் கிருமி வரும், வந்தா வெந்துடும்"னேன். மாவு உப்பணுமேன்னு ஜன்னலைச் சாத்தி வெச்ச அந்தப் பின்கட்டு அறையிலதான் எல்லாரும் இருமிக்கிட்டு வேலை பார்த்தோம். கிருமி வேகல. நான்தான் வெந்தேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்னு சும்மாவா சொன்னாங்க.

காய்ச்சல் ஒரு வாரத்துல போச்சு. சளி போச்சு. வாசனையும் அதுங்களோட கிளம்பிப் போனது, போனதுதான். வெளிய சொல்வேனா? பேக்கரி மாஸ்டருக்கு மூக்கு இல்லைன்னு தெரிஞ்சா என்ன ஆகும்? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சேன். கேக் மேல கிரீம் போடுற அம்மாவைக் கூப்பிட்டு, பரீட்சை வெக்கிற மாதிரி, "எங்க, இது வெந்துடுச்சா சொல்லு பார்ப்போம்"னு கேப்பேன். அந்தம்மா மோந்து பார்த்துச் சொல்லும், நான் "பரவாயில்லையே, தேறிட்டே"ன்னு தலையாட்டுவேன். அந்தம்மா லீவு போட்ட அன்னைக்கு முழு ஓவனும் கரி. தெருவே வந்து எட்டிப் பார்க்குது, நான் மட்டும் "இன்னும் ரெண்டு நிமிஷம் போகட்டும்"னு நின்னுக்கிட்டிருக்கேன். இன்னொரு நாள் ஈஸ்ட் போட மறந்துட்டேன். மூளையில பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கும் சம்பந்தி, போட்டேனா இல்லையான்னே தெரியாது. அன்னைக்கு வந்த பன்னை வெச்சு சுவர்ல ஆணி அடிக்கலாம். மாவு மூட்டையைத் தோள்ல தூக்கினவன் இப்ப அது மேலயே உக்காந்து மூச்சு வாங்குறேன். வீட்ல பால் கெட்டதும் தெரியல, கேஸ் கசிஞ்சதும் தெரியல. கேஸை என் சம்சாரம் வந்து மூடினா. பாலைப் பத்தி இப்பவாவது சொல்லிடறேன். நீங்க ஒரு தடவை எங்க வீட்ல நான் போட்ட காபியைக் குடிச்சுட்டு, மறுநாள் பூரா பாத்ரூமே கதின்னு கிடந்தீங்களே, வழியில தின்ன பிஸ்கட்டுதான் காரணம்னு ஊரெல்லாம் சொன்னீங்களே. பிஸ்கட் பாவம்.

அப்புறம் ஒரு நாள் வாசனை திரும்பி வந்துச்சு. வராமலே இருந்திருக்கலாம். எல்லாமே டயர் எரியுற நாத்தம். காபி டயர், வெங்காயம் டயர், சுடச் சுட ரொட்டி டயர். எங்க தொழில்ல ஒரு நாள் பூரா டயர் கடைக்குள்ள நிக்கிறேன்னு வெச்சுக்குங்க. அந்த நேரத்துலதான் என் மகள் பிள்ளையைக் கொண்டுவந்தா. என் சம்சாரம் அந்தத் தலையை மோந்துட்டு கண்ணை மூடி, "அடடா, இந்த வாசனைக்கு ஈடு உண்டா"ன்னா. நானும் ஆசையா குனிஞ்சேன். பாலும் பவுடரும் சோப்பும் எல்லாமாச் சேர்ந்து, சொல்லவே நாக்கு கூசுது, எனக்கு எரிஞ்ச ரப்பரா அடிச்சுது. முகம் தானா சுளிச்சுது. அப்பவே சொல்லியிருக்கணும். மூக்கு போச்சுன்னு சொன்னா வேலை போயிடுமேன்னு அப்பவும் வாயை மூடிக்கிட்டேன். மூட வேண்டிய நேரத்துல மூடல, திறக்க வேண்டிய நேரத்துல மூடினேன்.

யாருக்கும் தெரியாம ஒரு டாக்டர்கிட்டப் போனேன். இது காய்ச்சல் போனப்புறமும் சிலரை விடாம பிடிச்சுக்கும், மூச்சு, அசதி, மறதி, மூக்கு எல்லாம் ஒரே குடும்பம், மாசக்கணக்கா ஆகலாம், வரும்னு உத்தரவாதம் தர முடியாது, ஆனா நிறைய பேருக்குத் தேறுதுன்னார். திரும்பத் தொத்திக்கிட்டா திரும்ப இந்தப் பாடு வரலாம், அதனால ஊசி போட்டுக்குங்க, கூட்டத்துல மூக்கையும் சேர்த்து மூடுங்க, ஜன்னலைத் திறந்து வைங்கன்னார். அப்படியே நீங்க பேசின மாதிரியே இருந்துச்சு. ஒரு விசிட்டுக்கு உங்களையே கூப்பிட்டிருக்கலாம். மூக்குக்குப் பயிற்சியும் கொடுத்தார்: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ், நாலு சின்னப் புட்டி, காலையும் சாயங்காலமும் கண்ணை மூடி, அந்த வாசனையை நினைச்சுக்கிட்டே மோந்து பாக்கணும். ரோஜாப் புட்டியை என் சம்சாரம் சட்டைப் பையிலேருந்து எடுத்துட்டா. "யாரவ?"ன்னா. இந்த மூஞ்சிக்கு, இந்த வயசுல! மானத்தைக் காப்பாத்த மூக்கைப் பத்திச் சொல்ல வேண்டியதாப் போச்சு. அவ புட்டியைத் திரும்பப் பையில வெச்சுட்டு, "வேற எவளாவது இருந்திருந்தாக்கூட இவ்வளவு அழுகை வந்திருக்காது"ன்னா. முதலாளிகிட்டயும் அவதான் கூட்டிட்டுப் போனா. அவர், "அந்தக் கிரீம் அம்மா அப்பவே சொல்லிடுச்சு, உனக்கு மூக்கு இல்லைன்னு"ன்னார். அந்தம்மா இப்ப ஓவன் பக்கம், நான் எடை போடுற பக்கம். நேத்து ஒரு டிரேயை மோந்து ஏதோ சொல்லப் போனேன். "கழுதைக்குத் தெரியுமா"ன்னு ஆரம்பிச்சு, பாவம் அந்தம்மா, பாதியில நிறுத்திக்கிச்சு.

அன்னைக்கு அவசரத்துல பேத்தியோட தொப்பி எங்க வீட்டு சோபாவுலயே தங்கிடுச்சு. அதுதான் என் அஞ்சாவது புட்டி. நாலையும் மோந்துட்டு கடைசியா அதை மோப்பேன். இவ்வளவு நாளும் டயர்தான். இன்னைக்குக் காலையில, ஒரே ஒரு நொடி, டயர் இல்ல. என்னன்னு சொல்லத் தெரியல. நல்லா இருந்துச்சு. அதனாலதான் கேக்கிறேன் சம்பந்தி, வர்ற ஞாயித்துக்கிழமை என் மகளையும் பேத்தியையும் எப்படியாவது கூட்டிட்டு வாங்க. இந்தக் கடிதத்தை அவளுக்குச் சத்தமாப் படிச்சுக் காட்டுங்க. காபி மட்டும் என் சம்சாரம் போடுவா, பயப்படாதீங்க.

தங்கள் குடும்பம் நீடூழி வாழ்க, அத்தனை மூக்குகளும் கூர்மையாக விளங்குக. சம்பந்தி அம்மாவுக்கு வணக்கம், மாப்பிள்ளைக்கு ஆசி, மகளுக்கு மறக்கறதுக்குள்ள எழுதிவிட்ட அந்த ஒரு வார்த்தை.

இப்படிக்கு,
மூஞ்சி சுளிச்ச தாத்தா

பி.கு.: மேலே கேட்டது எதையும் செய்யாதீங்க. கவரை எச்சில் தொட்டு ஒட்டப் போனேன், உள்ளேருந்து சம்சாரம் இருமினா. அவளுக்குக் கொரோனா டெஸ்ட் பண்ணிப் பார்த்தா ரெண்டு கோடு, தொத்திக்கிச்சு. அதனால ஞாயித்துக்கிழமை வராதீங்க. நானே போன் பண்ணி அழுதாலும் வராதீங்க. இதைப் படிச்சுட்டு என் மகள் மனசு இளகிக் கிளம்பினா, அவளை இளக வைக்கத்தான் இவ்வளவும் எழுதினேன், ஆனாலும் நீங்க வாசல்ல குறுக்க நில்லுங்க. அந்தப் பிஞ்சு மூக்கு பத்திரம். கவரை மைதாப் பசையில ஒட்டியிருக்கேன், மாஸ்க் போட்டுக்கிட்டு, மூக்கையும் சேர்த்து. டாக்டர் வெளிய போகலாம்னு சொன்னப்புறம் உங்க கடைக்கு வருவேன், உள்ளே வர மாட்டேன், தெருவுலயே நிப்பேன். கண்ணாடிகளை அடுக்கி வெச்சிருக்கீங்களே அந்தப் பெரிய ஜன்னல், அதுக்கு உள்பக்கம் நின்னு பேத்தியைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்க, என் மகள் கையால. முழுக்க மூடிக்கிட்டு வர்றவனைப் பார்த்து பாப்பா முகத்தைச் சுளிக்கும். சுளிக்கட்டும் சம்பந்தி. என் மகள் அதைப் பார்த்துச் சிரிச்சுட்டா போதும்.