கால் சைன் இல்லாத குரல்

பட்டனை அழுத்திக்கொண்டு கலைச்செல்வி பேசியது பத்து வினாடிகூட இருக்காது.

"ஹலோ, யாராச்சும் கேக்குறீங்களா? நான் மாதொல தோட்டம், மேல் டிவிசன், கலைச்செல்வி பேசுறேன்."

விரலை எடுத்தாள். கைக்குள் அடங்கும் அந்த ரேடியோ கொஞ்ச நேரம் இரைந்தது. பிறகு ஓர் ஆண்குரல், பக்கத்து அறையிலிருந்து கேட்பதுபோல, கண்டிப்பாகக் கேட்டது.

"பேசுறது யாரு? உங்க கால் சைன் என்ன?"

கால் சைன் என்பது லைசனோடு சேர்த்துக் கொடுக்கிற அடையாள எழுத்துகள். அது அவளிடம் இல்லை. அமெச்சூர் ரேடியோ பரீட்சையைக் கொழும்பில் எழுதிவிட்டு வந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. லைசன் கைக்கு வரும்வரை பேசக்கூடாது. அந்த விதி பரீட்சையிலும் கேள்வியாக வந்திருந்தது. அவள் சரியாகவே எழுதியிருந்தாள்.

ரேடியோவை அணைத்துவிட்டு அரிசி வாளிக்குள் புதைத்தாள்.

இதெல்லாம் போன வருஷத்து மழையில் ஆரம்பித்தது. மண் சரிந்து பாதை மூடியது. போன் டவரும் செத்துவிட்டது. அன்றைக்குப் பார்த்து லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பரா நிரோஷாவுக்குப் பிரசவ வலி. ஆஸ்பத்திரிக்குச் சேதி சொல்ல ஆள் கொடகவெல வரைக்கும் நடந்தே போனது. தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த ஒன்பது மணிநேரமும் நிரோஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் கலைச்செல்விதான். அவளுக்கு வேலை, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில். அதற்குப் பிறகு, பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில் அவள் மடியில் ரேடியோப் புத்தகம் இருந்தது. எதற்கு என்று கேட்டவர்களிடம் சும்மா என்றாள். தேறாமல் போனால் யார் முகத்தில் விழிப்பது?

இன்றைக்கும் பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை. தன் குரல் மலையைத் தாண்டிப் போகுமா என்று ஒரே ஒரு முறை பார்க்க ஆசைப்பட்டாள். தாண்டிவிட்டது.

ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்த சுரேந்திரன், மனைவி சொன்னதை முழுக்கக் கேட்டான்.

"பேரச் சொன்னியா?"

"சொன்னேங்க."

"தோட்டத்த?"

"டிவிசனையும் சேத்துத்தான்."

"காம்பரா நம்பர மட்டும் எதுக்கு விட்டுட்ட?"

கூரைக்கு மேலே மூங்கில் கழியின் உச்சியில் ஏரியல் கம்பி நின்றது. இறக்கினால் ஏன் இறக்கினார்கள் என்று லயமே கேட்கும். விட்டால் லைசன் கேட்டு வருகிற ஆபீசர் கண்ணில் படும். சுரேந்திரன் யோசித்து, போன திருவிழாவில் மிஞ்சிய சேவற்கொடியை அதில் கட்டினான்.

"இனி இது கொடிமரம். யாரு கேப்பா?"

யாரும் கேட்கவில்லை. விடிந்து பார்த்தால் கழியின் அடியில் நாலு செவ்வந்திப்பூ கிடந்தது. சாயந்தரம் மாமியார் மூக்காயியே சூடம் கொளுத்தினாள். மறுநாள் இறக்கிவிடலாம் என்றிருந்த கழியை இனி யாரும் தொடமுடியாது.

அந்த மறுநாள்தான் ஓர் ஆள் வந்தான். வெள்ளைச் சட்டை, கையில் கறுப்பு ஃபைல். பைக்கைப் பாதையில் நிறுத்திவிட்டு, இஸ்தோப்புத் திண்ணையில் இருந்த மூக்காயியிடம் கேட்டான்.

"அம்மா, இங்க கலைச்செல்வின்னு ஒருத்தங்க இருக்காங்களா? ரேடியோவில பேசுறவங்க?"

"அவ கொழும்புக்குப் போயிட்டா மாத்தயா."

"எப்ப வருவாங்க?"

"வரமாட்டா. அப்படியே வெளிநாடு போறா."

அவன் கூரையை அண்ணாந்து பார்த்தான். "அது என்னம்மா?"

"சாமி கொடிமரம்."

"செம்புக் கம்பி வச்ச கொடிமரமா?"

"எங்க சாமிக்கு அப்படித்தான்," என்றாள் மூக்காயி.

அவன் முகம் வெளிறியது. கோபம் என்று மூக்காயி எடுத்துக்கொண்டாள்.

அடுத்த நாளும் வந்தான். இந்த முறை சுரேந்திரன் எதிரே நின்று, ரேடியோவா, எங்க வீட்டில் டிவிகூட இல்லையே என்றான். உள்ளே டிவியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். அதற்குள் ஒரு பிள்ளை ஓடிவந்து, "கலைச்செல்வி டீச்சர் பிள்ளைக் காம்பராவில பால் ஆத்துறாங்க மாமா," என்று உதவி செய்தது. அவன் அங்கே போய்ச் சேர்வதற்குள் கலைச்செல்வி பின்வாசல் வழியாகத் தேயிலைக்குள் இறங்கிவிட்டாள். கவ்வாத்துக் கத்தி வெட்டிவிட்ட மிலாறுக் குச்சிகள் காலைக் கிழித்தன. செடிக்குக் கீழே குந்தியிருந்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது, பின்னால் அழுகை. ஆபத்துக்கு உதவ ரேடியோ படித்தவள், ஓர் ஆளைக் கண்டு ஒளிந்துகொண்டிருக்கிறாள்.

அன்றைக்குச் சாயந்தரம் விஷயம் கங்காணி இராமசாமி காதுக்குப் போனது. அவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிற ஆள் இல்லை. கொப்பித் தாளில் தன் கையாலேயே ஒரு மனு எழுதி லயம் லயமாகக் கொண்டுபோனார்.

மூன்றாம் நாள் அந்த ஆள் வந்தபோது வாசலில் கூட்டம் நின்றது. கலைச்செல்வி கதவுக்குப் பின்னால். கங்காணி தொண்டையைச் செருமிக்கொண்டு மனுவை வாசித்தார்.

"'கலைச்செல்வி என்பவர் நல்ல பெண். அவருக்கு ரேடியோ பற்றி ஒரு மண்ணும் தெரியாது. தெரிந்துகொள்ளும் சக்தியும் அவருக்கு இல்லை என்பதை நாங்கள் அனைவரும் உறுதி கூறுகிறோம்.' நாப்பத்தி மூணு பேரு கையெழுத்து வச்சிருக்கோம் மாத்தயா. மொதக் கையெழுத்து இந்த நிரோஷா."

நிரோஷா இடுப்பில் பிள்ளையோடு முன்னால் நின்றாள். "ஆமாங்க. அக்காவுக்கு ஒன்னும் தெரியாது," என்று அழுத்தமாகச் சொன்னாள்.

கதவிடுக்கு வழியாகக் கலைச்செல்வி அந்தப் பிள்ளையைப் பார்த்தாள். யாருக்காகப் படித்தாளோ அவர்களே, அவள்மேல் வைத்த பாசத்தால், அவள் மூளையில்லாதவள் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். இந்தத் தாள் கொழும்புக்குப் போனால் லைசன் இல்லை. உண்மை போனாலும் இல்லை. எப்படியும் இல்லை என்றால், அடுத்த மழைக்கு வேறு யாராவது படித்துக்கொள்ளட்டும். பொய்யை மட்டும் இந்த நாற்பத்து மூன்று பேர் தலையில் ஏற்றவேண்டாம்.

அரிசி ஒட்டியிருந்த ரேடியோவோடு வெளியே வந்தாள்.

"நாந்தாங்க கலைச்செல்வி. அன்னைக்குப் பேசுனதும் நாந்தான். லைசன் இல்லாமப் பேசினது தப்பு. ஆனா இந்த மனுவில இருக்கிறது பொய். எனக்கு ரேடியோ தெரியும். எந்த அலைவரிசை எவ்வளவு தூரம் போகும், ஏரியல் எத்தன அடி இருக்கணும், ஆபத்துன்னா மொதல்ல என்ன சொல்லணும், எல்லாம் தெரியும். கேளுங்க, சொல்றேன். லைசன வேணும்னா தராதீங்க. இவங்க மேல நடவடிக்கை எடுக்காதீங்க. இவங்க பாவம், எனக்காகத்தான் பொய் சொன்னாங்க."

கங்காணி மனுவை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மூக்காயி மருமகளின் பக்கத்தில் வந்து நின்றாள்.

அந்த ஆள் இஸ்தோப்புப் படியில் உட்கார்ந்தான். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தான். ஃபைலைத் திறந்து, அவளிடம் இருப்பதுபோன்ற பரீட்சை அட்டை ஒன்றை எடுத்து நீட்டினான்.

"அக்கா, என் பேரு அக்ரம், பெல்மதுளையில போன் திருத்துறேன்," என்றான். "நானும் பரீட்ச எழுதிட்டு ரிசல்ட் வரக் காத்திருக்கிறவன்தான்; அன்னைக்கு லைசன் இல்லாமலே நான் உங்க கால் சைன் கேட்டதும் நீங்க சட்டுன்னு நிறுத்தவும், லைசன் இல்லாதவங்களப் பிடிக்கிற ஆபீசர்தான் நீங்கன்னு நெனச்சு, என்னைக் காட்டிக் குடுத்துடாதீங்கன்னு கெஞ்சத்தான் மூணு நாளா வாரேன்."